மேசைக்கு வரவேண்டிய வெளிச்சம்

கடந்த டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் உம்மாவுடன் அவரது அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு அது. ஆண்டிறுதிக் கணக்குகளை முடிக்கவேண்டிய காலம். மாலை ஐந்தரை மணிக்கு ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் போக, உம்மா மட்டும் தன் மேசையில் வேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்துக் கதிரையில் இருந்த நான் பொழுதுபோகாமல் சீலிங்கை அண்ணாந்து பார்த்து எண்ணத் தொடங்கினேன். இருபத்து நான்கு விளக்குகள். ஒவ்வொரு விளக்குக்குள்ளும் நான்கு சிறிய டியூப் லைட்கள். ஒரே ஓர் ஆளுக்காகத் தொண்ணூற்றாறு டியூப் லைட்கள் எரிந்துகொண்டிருந்தன!

“நம்மட தலைக்கு மேல இருக்கிறத மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் ஓஃப் பண்ணினா என்ன உம்மா?”

“ஏலாது மகள். முழு அறைக்கும் ஒரே சுவிச்தான்.”

அதைவிட வேடிக்கை ஒன்றும் இருந்தது. அத்தனை விளக்குகள் எரிந்தும் உம்மாவின் கணக்குப் புத்தகத்தில் நிழல் விழுந்திருந்தது. கோப்புகள் வைக்கும் உயரமான அலுமாரி ஒன்று விளக்குக்கும் மேசைக்கும் நடுவே நின்றது. கணினித் திரையிலோ பின்னாலிருந்த விளக்கு வெள்ளைக் கோடாகப் பிரதிபலித்தது. உம்மா அடிக்கடி கண்ணைக் கசக்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் அவருக்குத் தலைவலி வருவது ஏன் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

அன்றிரவு, மின் பொறியியல் கற்கும் என் நானாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, “அந்தச் சீலிங்கை வடிவமைத்தவர் சீலிங்கை மட்டும்தான் பார்த்திருக்கிறார். மேசையைப் பார்க்கவில்லை” என்றார். அவர் சொல்லித் தந்தவற்றையும் அதன்பின் நான் தேடி வாசித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

வெளிச்சத்துக்கும் அளவுண்டு

கடைக்குப் போய் மின்குமிழ் வாங்கும்போது நாம் கேட்பது “எத்தனை வாற்று?” என்றுதான். ஆனால் வாற்று என்பது வெளிச்சத்தின் அளவல்ல. அந்த விளக்கு எவ்வளவு மின்வலுவை எடுக்கிறது என்பதன் அளவு. விளக்கிலிருந்து வெளிவரும் ஒளியை அளக்கும் அலகு லூமன். அந்த ஒளி ஒரு பரப்பில் எவ்வளவு வந்து விழுகிறது என்பதை அளக்கும் அலகு லக்ஸ். ஒரு சதுர மீற்றரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ்.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நினைத்துப் பாருங்கள். மோட்டார் இழுக்கும் மின்சாரம் வாற்று. குழாயிலிருந்து கொட்டும் தண்ணீர் லூமன். மிளகாய்க் கன்றின் அடியில் போய்ச் சேரும் தண்ணீர் லக்ஸ். குழாயில் எவ்வளவு தண்ணீர் கொட்டினாலும் அது வரம்புக்கு வெளியே ஓடினால் கன்றுக்கு என்ன பயன்? உம்மாவின் அலுவலகத்தில் நடந்ததும் அதுதான்.

அப்படியானால் ஒரு மேசைக்கு எத்தனை லக்ஸ் வேண்டும்? வேலைத்தலங்களின் ஒளியமைப்புக்கான சர்வதேசத் தராதரங்கள் இதற்கு விடை தருகின்றன. எழுதுதல், வாசித்தல், கணினியில் வேலை செய்தல் ஆகியவற்றுக்கு 500 லக்ஸ். கோப்புகளை அடுக்குவதற்கும் பிரதி எடுப்பதற்கும் 300 லக்ஸ். நடைபாதைக்கு 100 லக்ஸ் போதும். நண்பகல் வெயிலில் வெளியே ஏறத்தாழ ஓர் இலட்சம் லக்ஸ் இருக்கும். மேகமூட்டமான பகலிலும் வெளியே பல்லாயிரம் லக்ஸ் இருக்கும். அதனுடன் ஒப்பிட்டால் நம் மேசை கேட்பது மிகச் சிறிய அளவே.

இங்கே கவனிக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. 500 லக்ஸ் மேசைக்குத்தான் வேண்டும். அலுமாரியின் தலைக்கும் நடைபாதைக்கும் அது வேண்டியதில்லை. முழு அறைக்கும் மேசைக்குரிய வெளிச்சத்தைக் கொடுப்பது வீண்விரயத்தின் முதற்படி.

விளக்குகள் வளர்ந்த கதை

பழைய இழைக் குமிழ் ஒரு வாற்று மின்வலுவுக்கு 12 முதல் 15 லூமன் வரையே தந்தது. அது எடுத்த மின்சாரத்தில் பெரும் பகுதி வெப்பமாகவே போனது. சுருள் வடிவில் வந்த சி.எஃப்.எல். குமிழ் வாற்றுக்கு 50 முதல் 60 லூமன் தந்தது. அலுவலகங்களை நீண்ட காலம் ஆண்ட டியூப் லைட்கள் அவற்றின் வகைக்கேற்ப 70 முதல் 100 லூமன் வரை தந்தன. இன்றைய நல்ல எல்.ஈ.டி. விளக்கு 100 முதல் 140 லூமன் வரை தருகிறது.

எல்.ஈ.டி. புதிதாகப் பிறந்ததல்ல. சிவப்பு நிற எல்.ஈ.டி. 1962ஆம் ஆண்டிலேயே உருவாக்கப்பட்டுவிட்டது. ஆனால் நீல நிற ஒளி கிடைக்காததால் அதனைக் கொண்டு வெள்ளை வெளிச்சத்தை உண்டாக்க முடியவில்லை. பிரகாசமான நீல எல்.ஈ.டி.யை உருவாக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, சூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சள் நிறமாக மாற்றும் பூச்சு ஒன்றை அதன்மேல் இட்டால், இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். இன்று நம் வீட்டிலும் பள்ளியிலும் எரியும் பெரும்பாலான எல்.ஈ.டி. விளக்குகளின் இரகசியம் இதுதான்.

மற்றொரு சிறப்பும் அதற்குண்டு. டியூப் லைட் எல்லாப் பக்கமும் ஒளியை வீசும். மேல்நோக்கிப் போகும் ஒளியைத் தகடு வைத்துக் கீழே திருப்பவேண்டும். அதில் ஒரு பகுதி விளக்குக்குள்ளேயே தொலைந்துவிடும். எல்.ஈ.டி. பெனல் ஒளியைக் கீழ்நோக்கியே அனுப்புவதால் அந்த இழப்பு குறைவு.

ஒரு தாளில் ஓர் அறை

நானா உம்மாவின் அறையை அப்படியே தாளில் வரைந்தார். நீளம் 12 மீற்றர், அகலம் 8 மீற்றர். பரப்பளவு 96 சதுர மீற்றர். அறை முழுவதற்கும் 500 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால் 96 × 500 = 48,000 லூமன் மேசை மட்டத்துக்கு வந்துசேர வேண்டும்.

ஆனால் விளக்கிலிருந்து புறப்படும் ஒளி முழுவதும் மேசைக்கு வருவதில்லை. சுவரும் தரையும் தளபாடங்களும் ஒரு பங்கை விழுங்கிவிடும். மேசையை வந்தடையும் பங்கைப் பயன்பாட்டுக் குணகம் என்பார்கள். வெளிர் நிறச் சுவர்கள் கொண்ட இத்தகைய அறைக்கு அதனை 0.65 என்று எடுத்துக்கொண்டோம். காலப்போக்கில் விளக்கில் தூசு படியும். அதன் ஒளியும் மங்கும். அதற்காகப் பராமரிப்புக் குணகம் 0.8. இரண்டையும் பெருக்கினால் 0.52. அதாவது விளக்கு தரும் ஒளியில் பாதியைத்தான் மேசை காண்கிறது!

ஒரு எல்.ஈ.டி. பெனல் 32 வாற்று எடுத்து 4,000 லூமன் தருகிறது என்று கொள்வோம். அதில் மேசைக்கு வருவது 4,000 × 0.52 = 2,080 லூமன். 48,000ஐ 2,080ஆல் வகுத்தால் 23.08. எனவே 24 பெனல்கள் வேண்டும். நீளவாக்கில் ஆறு, அகலவாக்கில் நான்கு என இரண்டிரண்டு மீற்றர் இடைவெளியில் அவை அழகாகப் பொருந்தும். உம்மாவின் அலுவலகத்தில் இருப்பதும் அதே இருபத்து நான்குதான்.

இப்போது இரண்டையும் ஒப்பிடுவோம். பழைய விளக்கு ஒன்றில் 18 வாற்று டியூப்கள் நான்கு. அவற்றுக்குரிய சோக்குகள் எடுக்கும் மின்வலுவையும் சேர்த்தால் ஏறத்தாழ 90 வாற்று. இருபத்து நான்குக்கும் 2,160 வாற்று. புதிய பெனல்கள் இருபத்து நான்கும் எடுப்பது 768 வாற்று. நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம், ஆண்டுக்கு 250 வேலைநாட்கள் என்றால், பழையவை 5,400 அலகு மின்சாரத்தைச் செலவிடும். புதியவை 1,920 அலகு. மீதி 3,480 அலகு.

கணக்கு இத்துடன் முடியவில்லை. விளக்கு எடுக்கும் மின்சாரம் முழுவதும் இறுதியில் அறைக்குள் வெப்பமாகவே மாறுகிறது. குளிர் நாடுகளில் அந்த வெப்பம் ஓரளவு உதவும். கொழும்பிலோ ஆண்டு முழுவதும் ஏசி அதை வெளியே தள்ளவேண்டும். மூன்று அலகு வெப்பத்தை வெளியேற்ற ஏசி ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரம் எடுக்கிறது என்று கொண்டால், இன்னும் 1,160 அலகு மிச்சம். ஓர் அறையில் மட்டும் ஓராண்டில் 4,640 அலகு!

இத்தகைய கணக்குகளைச் சரிபார்க்கப் பொறியியலாளர்கள் ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை வாற்று என்று பார்ப்பார்கள். உம்மாவின் அறைக்கு அது 22.5. புதிய வடிவமைப்புக்கு 8. உலகெங்கும் பின்பற்றப்படும் ஆஷ்ரே 90.1 என்ற அமெரிக்கத் தராதரம், 1999ஆம் ஆண்டில் அலுவலகக் கட்டடங்களுக்கு ஏறத்தாழ 14 வாற்று வரை அனுமதித்தது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 7 வாற்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. நம் நாட்டிலும் இலங்கை நிலைபெறுதகு சக்தி அதிகாரசபை, சக்தி வினைத்திறனுள்ள கட்டடங்களுக்கான நடைமுறைக் கோவை ஒன்றை 2008ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒளியமைப்பும் அதில் ஓர் அத்தியாயம்.

7 வாற்றுக்குக் கீழே போவது எப்படி? நானா தாளின் மறுபக்கத்தைத் திருப்பினார். சீலிங்கிலிருந்து அறைக்குப் பொதுவாக 300 லக்ஸ் மட்டும் கொடுப்போம். அதற்குப் பதினைந்து பெனல்கள் போதும், 480 வாற்று. பதினாறு மேசைகளுக்கும் 7 வாற்று மேசை விளக்கு ஒவ்வொன்று, 112 வாற்று. மொத்தம் 592 வாற்று. சதுர மீற்றருக்கு 6 வாற்றைச் சற்றே தாண்டுகிறது. அத்துடன் ஒவ்வொருவரும் தம் கண்ணுக்கு ஏற்றபடி விளக்கைத் திருப்பிக்கொள்ளலாம். ஐம்பது வயதுக் கண்ணுக்கு இருபது வயதுக் கண்ணைவிடக் கூடிய வெளிச்சம் தேவை. சீலிங் அதை அறியாது. மேசை விளக்கு அறியும்.

சுவிச்சும் ஜன்னலும்

எவ்வளவு நல்ல விளக்காக இருந்தாலும், அதைவிடச் சிக்கனமானது அணைந்திருக்கும் விளக்கு. ஆகவே வடிவமைப்பில் விளக்குக்குள்ள இடம் சுவிச்சுக்கும் உண்டு.

ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சம், பொதுவாக ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதன் இரண்டு மடங்கு தூரம்வரை அறைக்குள் பயன்படும். மேல்விளிம்பு இரண்டரை மீற்றர் உயரம் என்றால் ஐந்து மீற்றர் தூரம். ஆகவே சுவிச் வரிசைகள் ஜன்னலுக்குச் சமாந்தரமாக ஓடவேண்டும். அப்போது ஜன்னலோர வரிசையை அணைத்துவிட்டு உள்வரிசைகளை மட்டும் எரியவிடலாம். பல அலுவலகங்களில் வரிசைகள் ஜன்னலுக்குச் செங்குத்தாக ஓடுகின்றன. உள்ளே இருப்பவருக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் வெயில் விழும் இடத்திலும் விளக்கு எரிந்தே ஆகவேண்டும். இதைத் திருத்தப் புதிய விளக்கு தேவையில்லை. வயரிங் செய்யும் நாளில் ஐந்து நிமிடம் யோசித்தால் போதும்.

நாம் மத்திய கோட்டுக்கு அண்மையில் வாழ்பவர்கள். ஆண்டு முழுவதும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலப் பகல் நமக்குண்டு. அலுவலக நேரம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் நம் வெயில் கடுமையானது. கிழக்கு, மேற்கு ஜன்னல்களில் தாழ்ந்து வரும் சூரியன் கண்ணைக் கூசச் செய்யும். உடனே திரையை இழுத்து மூடிவிட்டு விளக்கைப் போடுகிறோம். உம்மாவின் அலுவலகத்தில் காலை முழுவதும் நடப்பது இதுதான். வடக்கு, தெற்கு நோக்கிய ஜன்னல்களும், வெயிலைத் தடுத்து வெளிச்சத்தை மட்டும் விடும் நீண்ட தாழ்வாரமும் நம் முன்னோர் அறிந்த தீர்வுகள். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கு வடிவமைத்த மாடிக் கட்டடம், இயற்கை ஒளியும் காற்றும் அலுவலக அறைகளுக்குள் வரவேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டப்பட்டது. உயர்ந்த கட்டடம் என்றாலே கண்ணாடிப் பெட்டி என்று நினைப்பவர்களுக்கு அது ஒரு பாடம்.

இன்று இந்தச் சுவிச் வேலையைச் செய்ய உணரிகள் வந்துவிட்டன. ஆள் இல்லாதபோது விளக்கை அணைப்பது ஒரு வகை. பகல் வெளிச்சம் கூடக்கூட விளக்கைத் தானாக மங்கச் செய்வது மற்றொரு வகை. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள ‘தி எட்ஜ்’ என்ற அலுவலகக் கட்டடத்தில் ஆயிரக்கணக்கான எல்.ஈ.டி. விளக்குகள் கணினி வலையமைப்பு வயர் மூலமே மின்சாரமும் கட்டளையும் பெறுகின்றன. அங்கே வேலை செய்பவர் தன் இடத்து வெளிச்சத்தைக் கைத்தொலைபேசியிலேயே கூட்டிக் குறைக்கலாம். அவ்வளவு செலவு செய்ய எல்லோராலும் முடியாது. ஆனால் கழிவறை, களஞ்சியம், கூட்ட அறை போன்ற, ஆள் வந்து போகும் இடங்களில் ஒரு சாதாரண உணரியைப் பொருத்துவது சிறிய நிறுவனத்துக்கும் இயலும்.

கண்ணை மறந்த சிக்கனம்

மின்சாரம் மிச்சம் என்று மலிவான விளக்கை வாங்கி மாட்டிவிட்டு, கீழே இருப்பவரின் கண்ணை மறந்தால் அது சிக்கனமல்ல. மூன்று விடயங்களைப் பார்க்கவேண்டும்.

முதலாவது கண்கூச்சம். இதற்கு யூ.ஜி.ஆர். என்றொரு அளவு உண்டு. அலுவலக அறையில் அது 19ஐத் தாண்டக்கூடாது. விளக்கின் முகத்தில் ஒளியைப் பரப்பும் நல்ல மூடி இருந்தால் கூச்சம் குறையும். மேசையின் நேர் மேலேயோ திரைக்கு நேர் பின்னாலேயோ அல்லாமல், விளக்கு வரிசைகளுக்கு இடையில் மேசையைப் போட்டால் திரையில் வெள்ளைக் கோடு விழாது.

இரண்டாவது நிறம். 2,700 கெல்வின் ஒளி மஞ்சள் கலந்த வெதுவெதுப்பானது, வீட்டுக்கு நல்லது. 6,500 கெல்வின் ஒளி நீலம் கலந்த வெள்ளை. 4,000 கெல்வின் இரண்டுக்கும் நடுவே அலுவலகத்துக்குப் பொருத்தமாக இருக்கும். பொருட்களின் நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கான குறியெண் 80க்குக் குறையாமல் இருக்கவேண்டும்.

மூன்றாவது நடுக்கம். எல்.ஈ.டி.க்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் ட்ரைவர் என்ற பாகம் தரமற்றதாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அது தலைவலியைத் தரும். கைத்தொலைபேசிக் கெமராவை விளக்கின்பால் திருப்பிப் பாருங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் சந்தேகப்படவேண்டும். எல்.ஈ.டி. விளக்கு 50,000 மணித்தியாலம் உழைக்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். ஆனால் பெரும்பாலும் முதலில் பழுதாவது இந்த ட்ரைவர்தான். எனவே உத்தரவாதத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

செலவே இல்லாத உபாயங்களும் உண்டு. சீலிங்குக்கு வெள்ளை, சுவருக்கு வெளிர் நிறம் பூசினால் அதே விளக்கு கூடுதல் வெளிச்சம் தரும். ஆண்டுக்கு இருமுறை விளக்கின் தூசைத் துடைத்தால் பராமரிப்புக் குணகம் தானாக உயரும்.

இது யாருடைய கணக்கு?

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியை நாம் மறந்திருக்க மாட்டோம். எரிபொருள் வாங்க வெளிநாட்டு நாணயம் இல்லாமல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. மெழுகுதிரி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்த ராத்தாமார் நம் கல்லூரியிலும் இருக்கிறார்கள். நம் மின்சாரத்தில் ஒரு பகுதி நீரிலிருந்து வந்தாலும், நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியும் ஏனைய நிலையங்களில் எரியும் எண்ணெயும் கப்பலில் வந்திறங்குபவை. மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரையான உச்ச நேரத்தில்தான் நாட்டின் மின்கேள்வி மிகவும் கூடுகிறது. அந்த நேரத்தில் ஒருவருக்காகத் தொண்ணூற்றாறு டியூப் லைட்கள் எரிவது அந்த நிறுவனத்தின் கணக்கு மட்டுமல்ல. நம் எல்லோருடைய கணக்கும்தான்.

நானாவும் நானும் எழுதிய தாளை உம்மா தன் முகாமையாளரிடம் கொடுத்தார். எல்லா விளக்குகளையும் மாற்ற இப்போது பணமில்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் அறைக்கு வர்ணம் பூசிய வாரத்தில், மின் வேலை செய்பவரை வைத்து ஒரு சுவிச்சை நான்காகப் பிரித்துவிட்டார்கள். ஜன்னலோர வரிசை இப்போது பகலில் அணைந்திருக்கிறது. அந்த உயரமான அலுமாரி சுவரோரம் போய்விட்டது. பிந்தி வேலை செய்யும் நாட்களில் உம்மாவின் வரிசையில் ஆறு விளக்குகள் மட்டும் எரிகின்றன. 2,160 வாற்று எரிந்த இடத்தில் 540 வாற்று.

கணிதமும் பௌதிகவியலும் பரீட்சைத் தாளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் உம்மாவின் தலைவலியைக் குறைக்கும் என்று அன்று நினைக்கவில்லை. நம் வகுப்பறையிலும் நூலகத்திலும் சீலிங்கை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பிறகு குனிந்து மேசையைப் பாருங்கள். வெளிச்சம் எங்கே இருக்கிறது, எங்கே இருக்கவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். வடிவமைப்பு அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பமாகிறது.